ஸ்வீடன் குரோனாவை விட்டு யூரோவுக்கு மாற வேண்டுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995 முதல் உறுப்பு நாடாக இருக்கும் ஸ்வீடன் இன்றும் தன் குரோனாவைத்தான் பயன்படுத்துகிறது. ஒன்றியத்தோடு இன்னும் நெருங்குவதற்காக அது தன் நாணயத்தை விட்டு யூரோவுக்கு மாறலாமா, பொதுவாகவே ஒரு நாடு இப்படிச் செய்வது தகுமா என்பது கேள்வி. என் விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தன் நாணயத்தின் மீதான அதிகாரத்தை நடைமுறையில் ஏற்கெனவே இழந்துவிட்ட நாடு, பெயரளவில் எஞ்சியிருப்பதையும் விடுவதால் இழப்பது மிகக் குறைவு; அது சேரலாம். அந்த அதிகாரத்தை இன்னும் கையில் வைத்திருக்கும் நாடு, நெருக்கடி வரும் நாளில் தன் வங்கிகளுக்கும் வேலையிழந்த மக்களுக்கும் ஒன்றியம் பொறுப்பேற்கும் என்பது சட்டமாக எழுதப்பட்ட பிறகே சேர வேண்டும். ஸ்வீடன் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே இன்றைய நிலையில் சேர வேண்டாம் என்றே கருதுகிறேன். ஆனால் இதற்கு எதிரான வாதங்களில் வலுவானவை உண்டு என்பதால் காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேர்வதால் வரும் ஆதாயங்கள் கற்பனையல்ல. நாணயம் மாற்றும் செலவு மறைவதால் மட்டுமே உறுப்பு நாடுகளின் மொத்த உற்பத்தியில் கால் முதல் அரை விழுக்காடு வரை மிச்சமாகும் என்று ஐரோப்பிய ஆணையம் 1990-இல் மதிப்பிட்டது. ஏற்றுமதி செய்யும் சிறு தொழிலகங்களுக்கு, ஆறு மாதம் கழித்து வரப்போகும் பணம் எவ்வளவு பெறும் என்ற கவலை நீங்குகிறது. பொது நாணயத்தால் வர்த்தகம் பல மடங்காகப் பெருகும் என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த கணிப்புகளைப் பிற்கால ஆய்வுகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனாலும் ஏதோ ஓரளவு பெருகியது என்பதில் ஐயமில்லை. இந்த ஆதாயம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வருவது. இழப்போ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, மொத்தமாக வருவது. நல்ல காலத்தில் வாக்கெடுப்பு நடத்தினால் முதலாவது மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

சொந்த நாணயம் ஓர் அரசுக்கு இரண்டு அதிகாரங்களைத் தருகிறது. முதலாவது, தன் பொருளாதாரத்தின் நிலைக்கேற்ப வட்டி விகிதத்தை நிர்ணயிப்பதும், தேவைப்படும்போது நாணயத்தின் மாற்று மதிப்பு இறங்க விடுவதும். இரண்டாவது, வங்கிகள் மீதும் அரசின் கடன் பத்திரங்கள் மீதும் அச்சம் பரவும்போது, அவற்றின் பின்னால் வரம்பில்லாமல் பணம் கொடுக்கக்கூடிய ஒரு மத்திய வங்கி நிற்பது. பொருளியலாளர் ராபர்ட் மண்டல் 1961-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து இன்றுவரை இந்த விவாதம் பெரும்பாலும் முதல் அதிகாரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. யூரோவின் முதல் இருபது ஆண்டுகளைப் பார்த்த பிறகு, இரண்டாவதே அதிக முக்கியமானது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

முதல் அதிகாரத்தைப் பார்ப்போம். யூரோ 1999 ஜனவரி 1-இல் பதினொரு நாடுகளோடு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகள் ஜெர்மனி மந்த நிலையில் கிடந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை தன் வட்டியை 2 விழுக்காட்டில் வைத்திருந்தது. ஜெர்மனிக்கு அது பொருத்தமான வட்டி. அதே வட்டிதான் ஸ்பெயினுக்கும் அயர்லாந்துக்கும். ஸ்பெயினில் விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. கடன் வாங்கியவர் உண்மை மதிப்பில் வாங்கியதைவிடக் குறைவாகத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற நிலை. வீடு கட்டுவதும் வீடு வாங்குவதும் கட்டுக்கடங்காமல் பெருகின. தனி மத்திய வங்கி இருந்திருந்தால் வட்டியை உயர்த்தியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, உயர்த்தாமலும் இருந்திருக்கலாம். ஆனால் உயர்த்துவதற்கான வழியே அங்கே அடைக்கப்பட்டிருந்தது. 2013-இல் ஸ்பெயினின் வேலையின்மை 26 விழுக்காட்டை எட்டியபோது, மதிப்பிறக்கத்தால் ஏற்றுமதியை மீட்கும் வழியும் அப்படியே அடைபட்டிருந்தது.

மதிப்பிறக்கம் இல்லாத இடத்தில் எஞ்சுவது கூலியைக் குறைப்பது மட்டுமே. இதன் வலி எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்வீடனின் அண்டை நாடே சான்று. பின்லாந்தும் ஸ்வீடனும் 1995-இல் ஒரே நாளில் ஒன்றியத்தில் சேர்ந்தன. இரண்டும் காடும் காகிதமும் இயந்திரமும் தொலைத்தொடர்பும் நம்பிய ஏற்றுமதி நாடுகள். சமூகநலத் திட்டங்களிலும் தொழிற்சங்க வலுவிலும் நெருங்கிய உறவினர். பின்லாந்து முதல் நாளிலிருந்தே யூரோவில் இருந்தது. ஸ்வீடன் 2003 செப்டம்பர் 14-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் 55.9 விழுக்காட்டு வாக்குகளோடு மறுத்தது. 2008-இன் உலக நிதி நெருக்கடியின்போது, ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 9.40 என்று இருந்த குரோனா 2009 மார்ச்சில் 11-ஐத் தாண்டி வீழ்ந்தது. 2009-இல் ஸ்வீடனின் உற்பத்தி நான்கைந்து விழுக்காடு சுருங்கியது. மறு ஆண்டே சுமார் ஆறு விழுக்காடு வளர்ந்தது. பின்லாந்து அதே 2009-இல் எட்டு விழுக்காடு சுருங்கியது. ஓரளவு மீண்ட பிறகு 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மறுபடியும் சுருங்கியது. 2016-இல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் போட்டித்திறன் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். அதன்படி தொழிலாளர்கள் ஆண்டுக்கு 24 மணிநேரம் கூடுதல் ஊதியமின்றி உழைக்க வேண்டும். அரசு ஊழியர்களின் விடுமுறைப் படி 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. குரோனா இறங்கியபோது ஸ்வீடனில் எந்த ஆலையிலும் யாரும் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய கூலியும் வெளிநாட்டுப் பணத்தில் ஒரே நேரத்தில் குறைந்தது. உள்நாட்டு வீட்டுக் கடனின் தவணை மாறவில்லை.

இந்த ஒப்பீட்டை ஓரெல்லைக்கு மேல் இழுப்பது நேர்மையாகாது. நோக்கியாவின் கைபேசித் தொழில் சரிந்தது யூரோவால் அல்ல. உலகம் அச்சுக் காகிதத்தைக் குறைத்துக்கொண்டதும், 2014-க்குப் பிறகு ரஷ்யச் சந்தை சுருங்கியதும் பின்லாந்தை ஸ்வீடனைவிடக் கடுமையாகத் தாக்கின. அதைவிட முக்கியமாக, பின்லாந்து தன் சொந்த மார்க்காவை வைத்திருந்த 1991 முதல் 1993 வரையிலான காலத்தில் அதைவிட மோசமான சரிவைக் கண்டது. அப்போது பல நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணத்தில் கடன் வாங்கியிருந்ததால் மதிப்பிறக்கமே அவற்றை முறித்தது. எனவே சொந்த நாணயம் எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. ஏற்றுமதிக்கான தேவை திடீரென வீழும் ஒருவகை நெருக்கடிக்கு அது நல்ல மருந்து. ஸ்வீடன் போன்ற நாடு அடிக்கடி சந்திப்பது அந்த வகையைத்தான்.

இப்போது இரண்டாவது அதிகாரம். இதை விளக்க அயர்லாந்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கிரீஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிரீஸ் தன் கணக்குகளைத் திரித்துக் காட்டியது, வரவுக்கு மீறிச் செலவழித்தது என்று சொல்லி விவாதத்தை முடித்துவிட முடிகிறது. அயர்லாந்தின் மீது அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்த முடியாது. யூரோவுக்கு அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அரசின் கடன் உற்பத்தியில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது; 2007-இல் அயர்லாந்தின் கடன் சுமார் 25 விழுக்காடுதான். வரவு செலவில் உபரி காட்டிய நாடு அது. தவறு தனியார் வங்கிகளில் இருந்தது. 2008 செப்டம்பர் இறுதியில் அரசு தன் வங்கிகளின் கடன்கள் ஏறத்தாழ அனைத்துக்கும் உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த இறுதியில் சுமார் 6,400 கோடி யூரோ செலவானது. 2010-இல் பற்றாக்குறை உற்பத்தியில் 32 விழுக்காட்டை ஒட்டியது. அந்த ஆண்டு நவம்பர் 19-இல் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் ஜான் கிளாட் திரிஷே, அயர்லாந்தின் நிதியமைச்சர் பிரையன் லெனிஹனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: மீட்புக் கடனுக்கு விண்ணப்பிப்பதாக எழுத்தில் உறுதியளிக்காவிட்டால் ஐரிஷ் வங்கிகளுக்கான அவசர நிதியை இனி அனுமதிக்க முடியாது என்பது அதன் சாரம். இரண்டே நாளில் அயர்லாந்து விண்ணப்பித்தது. அந்தக் கடிதம் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது.

ஒரு நாட்டின் மத்திய வங்கி தன் அரசுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதும் நிலையை எண்ணிப் பாருங்கள். திரிஷே கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய வங்கி அயர்லாந்துக்கு மட்டும் கடமைப்பட்டதல்ல. அயர்லாந்து வரி செலுத்துவோருக்காக மற்ற நாடுகளின் வரி செலுத்துவோர் சுமை ஏற்க ஒப்புக்கொண்டதாக எந்தச் சட்டமும் இல்லை. அதனால்தான் பிரச்சினை ஆள்களைப் பற்றியதல்ல, அமைப்பைப் பற்றியது என்கிறேன். ஸ்வீடனின் சொந்த அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1992 செப்டம்பரில் குரோனாவின் நிலையான மாற்று விகிதத்தைக் காப்பாற்ற, ஸ்வீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பேங்க் தன் வட்டியை 500 விழுக்காடு வரை உயர்த்தித் தோற்றது. நவம்பர் 19-இல் குரோனாவை மிதக்க விட்டது. அதே காலத்தில் அரசு தன் வங்கிகளின் கடன்களுக்கு முழு உத்தரவாதம் கொடுத்தது, நோர்ட்பாங்கன், கோத்தா ஆகிய வங்கிகளை எடுத்துக்கொண்டது, வாராக் கடன்களைப் பிரித்து விற்றது. உத்தரவாதத்தை அயர்லாந்தும் கொடுத்தது, ஸ்வீடனும் கொடுத்தது. ஸ்வீடனின் உத்தரவாதத்தைச் சந்தை நம்பியது. அதன் பின்னால் குரோனாவை அச்சிடும் வங்கி நின்றது.

அரசின் கடன் பத்திரங்களுக்கும் இதே கதைதான். 2012 ஜூலையில் ஸ்பெயின் பத்தாண்டுக் கடனுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கொடுக்க வேண்டியிருந்தது. உற்பத்தியோடு ஒப்பிட்டால் நெருக்கடி தொடங்கிய ஆண்டுகளில் ஸ்பெயினைவிட அதிகக் கடன் வைத்திருந்த பிரிட்டன் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கொடுத்தது. பிரிட்டன் சிறப்பாக ஆளப்பட்டது என்பதல்ல காரணம். பவுண்டில் வாங்கிய கடனுக்குப் பவுண்டு இல்லாமல் போகாது என்பதுதான் காரணம். பொருளியலாளர் பால் டி கிராவ் இதை அப்போதே சுட்டிக்காட்டினார். அந்த ஜூலை 26-இல் ஐரோப்பிய மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் மரியோ திராகி லண்டனில், யூரோவைக் காக்க எது தேவையோ அதைச் செய்வோம் என்று அறிவித்தபோது ஸ்பெயினின் வட்டி இறங்கத் தொடங்கியது. அதற்காக வகுக்கப்பட்ட பத்திரக் கொள்முதல் திட்டம் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. வாக்குறுதியே போதுமாக இருந்தது. மூன்று ஆண்டுகள் முன்பே அந்த வாக்குறுதி இருந்திருந்தால் எத்தனை இளைஞர்களின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

ஒரு யூரோ எல்லா இடத்திலும் ஒரு யூரோவாகவே இருக்கிறதா என்ற அடிப்படைக் கேள்விகூட எழுந்தது. 2013 மார்ச்சில் சைப்ரஸின் வங்கிகள் மூடப்பட்டன. இரு பெரிய வங்கிகளில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்கள் பணத்தை இழந்தனர். நாட்டைவிட்டுப் பணம் வெளியேறத் தடை வந்தது. 2015 ஜூன் இறுதியில் கிரீஸில் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்க முடிந்தது. ஜூலை 5-இல் கிரேக்க மக்கள் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை 61 விழுக்காட்டு வாக்குகளால் நிராகரித்தனர். சில நாள்களிலேயே அவர்களின் அரசு அதனினும் கடுமையான நிபந்தனைகளை ஏற்றது, வங்கிகள் மூடியிருந்ததால் வேறு வழி இல்லை. ஒன்றியத்தை நெருக்கமாக்கும் என்று கொண்டுவரப்பட்ட நாணயம், ஜெர்மானியரும் கிரேக்கரும் ஒருவரையொருவர் சோம்பேறிகள் என்றும் கொடுங்கோலர்கள் என்றும் பழிக்கும் நிலையை உண்டாக்கியது. நெருங்குவதற்காக நாணயத்தை விடுகிறோம் என்பவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

நாணயம் முதலில், அரசியல் ஒன்றிணைப்பு பிறகு என்ற வரிசையே தவறானது என்பது அதை உருவாக்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒன்றியம் கூட்டாட்சியாக வேண்டுமானால், மிகக் குறைந்த அளவிலாவது, உறுப்பு நாடுகளின் மொத்த உற்பத்தியில் 5 முதல் 7 விழுக்காடு வரையிலான பொது வரவு செலவு தேவை என்று 1977-இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக நிபுணர் குழு எழுதிய மக்டூகல் அறிக்கை சொன்னது. இன்றும் ஒன்றியத்தின் வரவு செலவு சுமார் ஒரு விழுக்காடுதான். அரசியல் ஒன்றியம் இல்லாமல் நாணய ஒன்றியத்தை நெடுங்காலம் காப்பாற்ற முடியும் என்று நினைப்பது பிழை என்று ஜெர்மனியின் அப்போதைய ஆட்சித் தலைவர் ஹெல்முட் கோல் 1991 நவம்பரில் ஜெர்மானிய நாடாளுமன்றத்திலேயே கூறினார். அடுத்த மாதம் மாஸ்ட்ரிக்டில் அவர் ஒப்புக்கொண்டது அரசியல் ஒன்றியம் இல்லாத நாணய ஒன்றியத்துக்கு.

அவருடைய சொந்த நாட்டில் அவர் அந்தப் பிழையைச் செய்யவில்லை. 1990 ஜூலை 1-இல் கிழக்கு ஜெர்மனி தன் மார்க்கை விட்டு மேற்கின் மார்க்கை ஏற்றது. கூலிகள் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றப்பட்டன. சேமிப்பில் ஓரளவு வரை அதே விகிதம், மேற்கொண்டு இரண்டுக்கு ஒன்று. பொருளாதாரக் கணக்கில் அது மிகத் தவறான விகிதம். கிழக்கின் தொழிற்சாலைகள் ஒரே இரவில் போட்டியிட முடியாதவை ஆயின, லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர், இளைஞர்கள் மேற்கே போனார்கள். ஆனால் அந்த அக்டோபர் 3-இல் அவர்கள் ஒரே நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். லைப்ஸிக்கில் வேலையிழந்தவருக்கு உதவித்தொகையும் முதியவருக்கு ஓய்வூதியமும் கொடுத்தது அதே கூட்டாட்சியின் காப்பீடு. நாடு முழுவதும் வரி மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டு, மேற்கின் பணம் கிழக்கே போனது. கிழக்கு ஜெர்மனிக்கு நேர்ந்தது கிரீஸுக்கு நேர்ந்ததைவிட மோசமான அதிர்ச்சி. அதைத் தாங்க வைத்தது பொதுக் கருவூலம். தமிழ்நாடும் பீகாரும் ஒரே ரூபாயைப் பயன்படுத்துவதன் பின்னாலும் இதுவே இருக்கிறது. மத்திய வரியில் மாநிலங்களுக்குரிய பங்கை வகுக்கும் நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் குறைவாகக் கொடுக்கிறது என்ற குறை நியாயமானதே; ஆனால் பகிர்வின் அளவைப் பற்றிச் சண்டையிட ஒரு மன்றம் இருப்பதும், பகிர்வே இல்லாதிருப்பதும் வேறு.

2012-க்குப் பிறகு ஐரோப்பா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டில் நிரந்தர மீட்பு நிதியம் தொடங்கியது. 2014 நவம்பர் முதல் பெரிய வங்கிகளை ஐரோப்பிய மத்திய வங்கியே நேரடியாகக் கண்காணிக்கிறது. 2020-இல் பெருந்தொற்றின்போது ஒன்றியம் முதன்முறையாகப் பெரிய அளவில் கூட்டாகக் கடன் வாங்கி, 75,000 கோடி யூரோ மீட்புத் திட்டத்தில் பாதிக்கு மேல், 39,000 கோடியை, திருப்பித் தர வேண்டாத மானியமாக ஒதுக்கியது. அது உண்மையிலேயே பெரிய அடி. ஆனால் அது ஒருமுறைக்கான ஏற்பாடு என்று எழுதியே ஒப்புக்கொள்ளப்பட்டது. வங்கி முறிந்தால் வைப்பாளரின் பணத்துக்கு ஒன்றியம் முழுவதும் சேர்ந்து பொறுப்பேற்கும் பொது வைப்புக் காப்பீட்டை ஆணையம் 2015 நவம்பரில் முன்மொழிந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆக, கண்காணிக்கும் அதிகாரம் பொதுவாகிவிட்டது. முறிந்தால் சுமக்கும் பொறுப்பு இன்னும் நாட்டுக்கு நாடு தனித்தனியாகவே கிடக்கிறது.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் டென்மார்க்கும் பல்கேரியாவும் ஸ்வீடனிடமிருந்து எப்படி வேறுபடுகின்றன என்பது புரியும். டேனிஷ் மக்கள் 2000 செப்டம்பரில் 53 விழுக்காட்டு வாக்குகளோடு யூரோவை மறுத்தனர். அவர்களின் குரோன நாணயமோ ஒரு யூரோவுக்கு 7.46 என்ற மைய விகிதத்தைவிட்டு அசைவதே இல்லை. 2008 அக்டோபரில் உலகமே வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிணைப்பைக் காக்க டென்மார்க் வட்டியை உயர்த்த வேண்டியிருந்தது. 2015 தொடக்கத்தில் எதிர்த் திசையில் பணம் குவிந்தபோது வட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே 0.75 விழுக்காடு வரை இறக்கியது. ஃபிராங்ஃபர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கி எடுக்கும் முடிவைச் சில நிமிடங்களில் பின்பற்றும் நாட்டுக்கு, அந்த முடிவை எடுக்கும் மேசையில் ஓர் இடம் கிடைப்பது இழப்பல்ல. பல்கேரியாவின் நிலை இன்னும் தெளிவு. 1997-இல் பெரும் பணவீக்கத்துக்கும் வங்கிகளின் சரிவுக்கும் பிறகு அது தன் லெவ்வை ஜெர்மானிய மார்க்கோடும், பின்னர் யூரோவோடும் சட்டத்தாலேயே கட்டிப்போட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மதிப்பிறக்கமோ சொந்த வட்டிக் கொள்கையோ அதற்கு இல்லை. 2026 ஜனவரி 1-இல் அது யூரோவில் சேர்ந்ததைத் தேசிய இழப்பாகக் கண்டவர்கள் வருந்தியது உண்மை; ஆனால் அவர்கள் இழந்ததாக எண்ணிய அதிகாரம் 1997-லேயே போய்விட்டது.

சொந்த நாணயத்தை ஆதரிப்பவர்கள் மறக்கும் ஒன்றும் உண்டு. நாடோ அதன் வங்கிகளோ பிறர் பணத்தில் கடன்பட்டிருந்தால், தன் பணத்தை அச்சிடும் அதிகாரம் கை கொடுக்காது. ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் விழுந்தன. நாணயம் பாதி மதிப்பை இழந்தது. பணம் வெளியேறுவதற்கான கட்டுப்பாடுகள் 2017 வரை நீடித்தன. 2022-இல் டாலர் கடனைக் கட்ட முடியாமல் நின்ற இலங்கைக்கும் ரூபாய் சொந்தமாகத்தான் இருந்தது. ஸ்வீடனுக்கும் இதில் எச்சரிக்கை இருக்கிறது. அதன் வங்கிகள் பொருளாதாரத்தின் அளவுக்கு மிஞ்சியவை. வெளிநாட்டுப் பணத்தில் நிறையக் கடன் வாங்குபவை. 2009 ஜூனில் ரிக்ஸ்பேங்க் ஐரோப்பிய மத்திய வங்கியிடமிருந்து 300 கோடி யூரோ பெற வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் நோர்டியா வங்கி தன் தலைமையகத்தை ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கிக்கு மாற்றியதற்கு, மேலே சொன்ன பொதுக் கண்காணிப்பு அமைப்பான ஐரோப்பிய வங்கி ஒன்றியத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே காட்டிய காரணம். யூரோவில் சேர வேண்டும் என்று வாதிடும் ஸ்வீடிஷ் பொருளியலாளர்கள் இவற்றைச் சொல்லும்போது நான் கவனத்தோடு கேட்கிறேன்.

இவற்றைவிட எனக்கு மதிப்புக்குரியது பின்லாந்தின் வாதம். அவர்கள் 24 மணிநேரக் கூடுதல் உழைப்பை ஏற்றார்கள். ஆனால் யூரோவைவிட்டு வெளியேற வேண்டும் என்பது அங்கே பெரும்பான்மைக் கருத்தாக ஒருபோதும் ஆனதில்லை. ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை கொண்ட நாட்டுக்கு, ஐரோப்பாவின் மையத்தில் இருப்பது பொருளாதாரக் கணக்கில் அடங்காத பயன். அந்தப் பயனுக்காக ஒரு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கும் மக்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஸ்வீடனும் 2024-இல் நேட்டோவில் சேர்ந்துவிட்டது. பாதுகாப்புக்கான நெருக்கத்தை அது நேரடியாகவே பெற்றுக்கொண்டது. அதை நாணயத்தின் வழியாகச் சுற்றிப் பெற வேண்டிய தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

சட்டப்படி ஸ்வீடனுக்கு டென்மார்க்கைப் போல விலக்கு இல்லை. என்றாவது சேர வேண்டிய கடமை உண்டு. முன்தயாரிப்பாக நாணயத்தை யூரோவோடு இரண்டு ஆண்டு பிணைக்கும் ஏற்பாட்டில் சேராமல் இருப்பதன் மூலம் அது காலம் தாழ்த்துகிறது, பிற நாடுகளும் அதைப் பொறுத்துக்கொள்கின்றன. இந்தக் காத்திருப்பு வெறும் தயக்கமாக இல்லாமல் பேரமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அரசின் கடன் குறைவாகவும் வங்கிகள் வலுவாகவும் உள்ள ஸ்வீடன் போன்ற நாடு வைப்புக் காப்பீட்டு நிதியில் சேர்ந்தால் எல்லோருக்கும் லாபம்; அதன் வருகையை ஒன்றியம் விரும்புகிறது. எனவே பொது வைப்புக் காப்பீடு, வேலையின்மை பெருகும் நாட்டுக்குத் தானாகவே பணம் போகும் நிலையான ஒரு பொது நிதி ஆகிய இரண்டும் வந்தால் நாங்கள் சேர்கிறோம் என்று ஸ்டாக்ஹோம் வெளிப்படையாகச் சொல்லலாம். இன்றுவரை ஸ்வீடிஷ் அரசுகள் பொதுக் கடனையும் பொது நிதியையும் எதிர்க்கும் சிக்கன நாடுகளின் வரிசையில் நின்றிருக்கின்றன. யூரோவும் வேண்டும், பகிர்வும் கூடாது என்ற நிலைப்பாட்டோடு சேர்வதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு.

ஒருவேளை அந்த நிபந்தனைகள் நிறைவேறி ஸ்வீடன் சேர முடிவெடுத்தால், எந்த விகிதத்தில் குரோனா மாற்றப்படுகிறது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். பிரிட்டன் 1925-இல் போருக்கு முந்தைய விகிதத்திலேயே, பவுண்டுக்கு 4.86 டாலர் என்ற உயர்ந்த மதிப்பில், நாணயத்தைத் தங்கத்தோடு பிணைக்கும் தங்க அளவைக்குத் திரும்பி, அதன் நிலக்கரித் தொழிலாளர்களை மறு ஆண்டே கூலிக் குறைப்புக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தள்ளியது. மாற்று விகிதம் நிரந்தரமாகப் பூட்டப்படும் அந்த ஒரு நாளுக்குப் பிறகு திருத்த வழியில்லை; வெளியேறும் முறை ஒப்பந்தத்தில் எழுதப்படவே இல்லை. குரோனா வலுவாக இருப்பதைப் பெருமையாகக் கொண்டு உயர்ந்த விகிதத்தில் நுழைவதைவிட, சற்று மலிவான விகிதத்தில் நுழைந்து சில ஆண்டு விலையேற்றத்தைத் தாங்குவது தொழிலாளர்களுக்கு நல்லது. அந்த விகிதத்தை நிதியமைச்சகமும் மத்திய வங்கிகளும் மூடிய அறையில் பேசி முடிப்பதற்கு முன்பே, ஸ்வீடனின் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்றமும் அதைப் பற்றி வெளிப்படையாக விவாதித்திருக்க வேண்டும்.